அஞ்சு நிமிஷம் பேசாமல்

ஆர்.கே.பேட்டை ரோட்டில், திருத்தணிக்கு நாலு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காலனியில் லோயிஸின் வாய்க்குப் பயப்படாத ஆள் பாஸ்டர் ஒருவர்தான். அவரும் பிரசங்க மேடையில் நிற்கும்வரைதான். கீழே இறங்கிவிட்டால் அவருக்கும் பயம்தான்.

ரேஷன் கடையில் எடை குறைந்தால் லோயிஸ். தெருக்குழாயில் காற்று மட்டும் வந்தால் லோயிஸ். மணவூரில் கட்டிக்கொடுத்த மகள் பெபி மேல் மாமியார் கை நீட்டினாள் என்று கேள்விப்பட்டதும், முதல் ரயிலைப் பிடித்துப் போய் அந்த வாசலில் நின்று ஒரு மணி நேரம் பேசிவிட்டு, ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் அடுத்த ரயிலில் திரும்பி வந்தவளும் லோயிஸ்தான். அதற்கப்புறம் பெபியின் மேல் ஒரு விரல் படவில்லை.

அவள் புருஷன் எலியேசர் நேர் எதிர். இருபத்திரண்டு வருஷமாகக் குமரேசனின் பவர்லூம் ஷெட்டில் லுங்கித் தறி ஓட்டுகிறவன். ஷெட்டில் எல்லாத் தறியும் ஒன்றாக ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அதனால் எலியேசர் பேச்சை விட்டுவிட்டான். கையைக் காட்டுவான், தலையை ஆட்டுவான். வீட்டிலும் அதே பழக்கம். கூழில் உப்புப் போதவில்லையென்றால் தானே எழுந்துபோய் ஜாடியில் கைவிட்டு ஒரு பிடி அள்ளிப் போட்டுக்கொள்வானே தவிர, போதவில்லை என்று வாயால் சொல்லமாட்டான். தொட்டுக்கொள்ளச் சுட்ட கருவாடு, அதுவும் இல்லாத நாளில் மோர் மிளகாய்.

"எலியேசரு மாதிரி சாது உண்டா? இந்தப் பொம்பளைய வெச்சிகினு குடும்பம் பண்றானே, அவனுக்குச் சொர்க்கத்துல முன்சீட்டு" என்று காலனி பேசும். லோயிஸைப் பற்றிப் பேச ஒரே பேச்சுத்தான். "அவளுக்குப் பிரஷரு. அதான் கத்தறா." ஒரு மெஷினும் அவள் கையில் கட்டிப் பார்த்ததில்லை. ஊரே டாக்டர் ஆகி முடிவு கட்டியிருந்தது. குழாயடியில் அவள் குரலை உயர்த்தினால் எவனாவது சிரித்துக்கொண்டு சொல்வான்: "மாத்திர போட்டுக்க மே."

அந்தச் சிரிப்பைக் கேட்டால் அவளுக்கு இன்னும் இரண்டு மடங்கு ஏறும். கோபம்தான்.

பிப்ரவரி மாசத்திலிருந்து எலியேசர் ஒரு புதுப் பழக்கம் பிடித்தான். ராத்திரி ஷிப்ட் முடிந்து விடியற்காலை ஆறரைக்கு வருகிறவன், பாயை விரிக்காமல் அடுப்பைப் பற்றவைத்து, சுக்குத் தட்டிப் போட்டு டீ வைத்து, வேலைக்குக் கிளம்பும் லோயிஸின் கையில் டம்ளரைக் கொடுத்தான். முதல் நாள் அவள் திகைத்துப்போனாள்.

"இன்னாயா, இன்னிக்கு சூரியன் ஆந்திரா பக்கத்துல மொளச்சிருச்சா?"

அவன் தலையை ஆட்டினான். டீ லேசாகக் கசந்தது. சுக்கின் கசப்பு என்று நினைத்துக்கொண்டாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகு புருஷன் கையால் வந்த டீயில் கசப்பைப் பெரிதாகப் பேசுவாளா ஒருத்தி?

மார்ச்சில் ஷெட்டில் ஓர் ஆள் நின்றுவிட, நாலு தறி ஓட்டிக்கொண்டிருந்த எலியேசர் ஆறு தறி ஓட்டவேண்டும் என்று குமரேசன் சொல்லிவிட்டார். எலியேசர் அதை வந்து சொன்னபோது லோயிஸ், "ஆங், சரி" என்று சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய பிறகுதான் அவளுக்கே உறைத்தது. முன்னெல்லாம் இந்நேரம் ஷெட்டு வாசலில் நின்றிருப்பாளே? எழுந்திருக்கத்தான் முடியவில்லை. எழுந்தால் கண் இருட்டியது. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டாள். நாற்பத்தாறு ஒரு வயசா?

மே மாசம். டிவியில் வெயில் கணக்குச் சொல்லும்போது திருத்தணி பேர் வராத நாள் இல்லை. அந்த வெயிலில் நிற்கிறவர்கள் பேரை எந்த டிவியும் சொன்னதில்லை. மலையடிவாரத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு முதல் மாடித் தளம் போடும் நாள். சந்துக்குள் லிஃப்ட் வைத்த மிக்ஸர் நுழையாததால் ஆள் வைத்துத்தான் கலவையை ஏற்றவேண்டும். கீழே மிக்ஸர் சுற்றும். ஆம்பளை அதைப் பாண்டுச் சட்டியில் அள்ளித் தருவான். சித்தாள்கள் சும்மாட்டின் மேல் பாண்டை வாங்கி, சவுக்குக் கட்டையில் கட்டிய சாய்வுப் பலகையில் வரிசையாக ஏறி, கம்பிக்கு மேல் கொட்டிவிட்டு இன்னொரு பக்கமாக இறங்கவேண்டும். தொடங்கிவிட்டால் முடியும்வரை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் பழைய கலவையும் புதுக் கலவையும் ஒட்டாது, மழைக்கு ஒழுகும். கட்டடத்துக்கு அவ்வளவு பத்தியம். ஏறுகிறவளுக்கு ஒன்றும் கிடையாது.

லோயிஸுக்குப் பின்னால் தாயம்மாள். பதினைந்து வருஷம் சேர்ந்து சும்மாடு கட்டியவள்.

"இன்னாக்கா, இப்பல்லாம் உன் சத்தமே காணோம்? மேஸ்திரி சேட்டு பயமில்லாம திரிஞ்சிகினு கீறாரு."

"ஒடம்பு ஒரு மாதிரி கீதுடி. குனிஞ்சி நிமிந்தா தலைய சுத்துது. காலப் பாரு, வெரல் வெச்சி அழுத்தினா குழி வுழுது."

"வெயிலுக்கா. எலியேசரு பாவா இன்னும் டீ போட்டு தராரா?"

"ஆங். ஒரு நாளு வுடல. சுக்கு தட்டி."

"குடுத்துவெச்சவ நீ. எங்க வூட்டு ஆளு குடிச்ச டம்ளரக்கூட நகத்தாது."

பெருமையில் லோயிஸ் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு பாண்டை வாங்கித் தலையில் வைத்தாள். பலகையில் பாதி ஏறியபோது மலைக்கோவில் பக்கமிருந்து 'அரோகரா' என்று ஒரு கூட்டம் கத்தியது. சத்தம் எங்கோ கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் இருந்தது. அப்புறம் சத்தமும் இல்லை, வெளிச்சமும் இல்லை.

மணல் குவியல்மேல் விழுந்ததால் பிழைத்தாள். பாண்டின் விளிம்பு நெற்றியைக் கிழித்துவிட்டது. தாயம்மாள் அலறிக்கொண்டு இறங்கி ஓடிவந்தாள். வரிசையில் காலியான இரண்டு ஆள் இடத்தையும் மற்றவர்கள் நெருக்கி அடைத்துக்கொண்டார்கள். மிக்ஸர் நிற்கவில்லை.

மேஸ்திரி சேட்டு கிட்டே வந்து குனிந்து பார்த்தார். "நான் அப்பவே சொன்னேன். கோவக்காரி. பிரஷரு ஏறிப்போச்சு. ஆட்டோவ கூப்புடு."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கையில் பட்டையைக் கட்டிக் காற்றை ஏற்றி இறக்கினாள். மறுபடியும் ஒரு தடவை பார்த்தாள்.

"எண்பத்தெட்டுக்கு ஐம்பத்தாறு."

தாயம்மாள் பதறினாள். "ரொம்ப ஏறிடுச்சாம்மா?"

"ஏறலம்மா. எறங்கிக் கெடக்கு." நர்ஸ் லோயிஸின் கால் வீக்கத்தை அழுத்திப் பார்த்தாள். "பிரஷர் மாத்திர போடறீங்களா?"

"நானா? தலைவலிக்குக்கூட நான் மாத்திர போடமாட்டேன்."

"நல்லா யோசிச்சி சொல்லுங்க."

"யோசிக்கறதுக்கு இன்னாமா கீது? வாயில போடறது எனக்குத் தெரியாதா?"

தெரியாது. ஆனால் அன்றைக்கு அது அவளுக்கே தெரியாது. நெற்றியில் ஐந்து தையல் போட்டு, ஒரு பாட்டில் ஏற்றி, ஒரு வாரம் வேலைக்குப் போகாதே என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டில் எலியேசர் அவள் தலைக்கட்டைப் பார்த்ததும் பாயை விரித்துத் தலையணையைப் போட்டான். சாயங்காலம்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். மறுநாள் காலையிலும் டீ வந்தது. அதற்கு மறுநாளும்.

நாலாம் நாள் பதினோரு மணிக்கு வாசலில் ஒரு குரல் கேட்டது. "எலியேசரண்ணா! எழுந்துட்டீங்களா?"

தோளில் மருந்துப் பையோடு மணியம்மை நின்றாள். வீடு வீடாகப் போய்ப் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் பார்த்து மாத்திரை கொடுக்கும் பெண். லோயிஸ் எப்போதும் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் வருகிறவள். கட்டுப்போட்ட தலையோடு லோயிஸ் எழுந்து வந்ததைப் பார்த்து விழித்தாள்.

"அக்கா, நீங்க வேலைக்குப் போவலியா?"

"வுழுந்துட்டேன். நீ யாருக்கு இன்னா எடுத்துகினு வந்த?"

தூங்கிக்கொண்டிருந்த எலியேசர் லுங்கியை இறுக்கிக்கொண்டு அவசரமாக வெளியே வந்தான். மணியம்மையைப் பார்த்துக் கையை ஆட்டினான், போ போ என்பதுபோல். இருபத்திரண்டு வருஷத் தறிக்காரன் கையாட்டல் லோயிஸுக்குத் தெரியாதா?

"நில்லு, போவாத. வந்த வேலையப் பாரு."

மணியம்மை வேறு வழியில்லாமல் அவன் கையில் பட்டையைச் சுற்றினாள். மெஷினில் எண் வந்ததும் அவள் முகம் கறுத்தது.

"நூத்தித் தொண்ணூறுக்கு நூத்திப் பத்து. இன்னாண்ணா இது? ஜனவரியில ஷெட்டுல கேம்பு போட்டு பாத்தப்ப இருந்தது கொறையவே இல்ல, மேல போய்க்கினு கீது. ஒரு மாத்திரைக்கு அடங்கலன்னு டாக்டரம்மா போன மாசம் ரெண்டா ஏத்தினாங்க. நெசமா போடறீங்களா?"

எலியேசர் தரையைப் பார்த்தான்.

லோயிஸ் கேட்டாள். "எத்தினி மாசமா?"

"பிப்ரவரியில இருந்துக்கா. உங்ககிட்ட சொல்லவேணாம், கத்துவான்னு அண்ணன்தான்..."

"போடறாரா?"

"ஒவ்வொரு வாட்டியும் காலி அட்டையக் காட்டறாரே. கணக்கா தீந்துருது."

பிப்ரவரி. லோயிஸ் அடுப்படியைத் திரும்பிப் பார்த்தாள். காலையில் குடித்த டம்ளர் கழுவாமல் கிடந்தது. எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தாள். சுக்குத் தூளுக்கு நடுவே வெள்ளையாய் ஒரு படிவு. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். அந்தக் கசப்பு. மூன்று மாசமாய்ப் பெருமையோடு குடித்த கசப்பு.

"யோவ்." குரல் தாழ்ந்துதான் வந்தது. காலனிக்காரர்கள் அந்தக் குரலைக் கேட்டதில்லை. "உன் மாத்திரைய எனக்கா போட்ட?"

எலியேசர் லுங்கி நுனியை முறுக்கினான்.

"மெஷினு தப்பா காட்டுச்சு மே. நான் யாருகிட்டனா கோவப்பட்டிருக்கனா? எனக்கு எப்பிடி பிரஷரு வரும்? ஒரு தலைவலி உண்டா, மயக்கம் உண்டா? நீதான் தெனம் கத்திகினு கீற. ஊரே சொல்லுது உனக்குத்தான்னு. மாத்திர வேணுமான்னா நீ போடமாட்ட. அதான்... நல்லதுக்குத்தான். மருந்து நல்லாத்தான் கேட்டுச்சு. நீயும் அமைதியா ஆயிட்ட."

"டாக்டரு ரெண்டா ஏத்தினப்ப?"

"நானும் ரெண்டா போட்டேன்."

"நான் வுழுந்து மண்ட பொளந்த அன்னிக்கு?"

"பிரஷரு ஏறித்தான் வுழுந்தேன்னு மேஸ்திரி சொன்னாரு. அதான் மறுநாளும்..."

அப்போது கிளம்பியது சத்தம். மூன்று மாசச் சத்தம். டம்ளர் போய்ச் சுவரில் மோதியது. பக்கத்து வீட்டுக் கோழிகள் கலைந்தன. தெருவில் ஆள் கூடியது.

"கொன்னுருப்பியேய்யா! பலகைமேல நிக்கறவளுக்கு இத்த குடுத்து அனுப்பினியே! கீழ மணலு இல்லாம ஜல்லி இருந்திருந்தா இன்னிக்கு எனக்குக் கல்லறயில ஜெபம் பண்ணிகினு இருந்திருப்பீங்க! அமைதியா ஆயிட்டனா? ஆமா, பொணம்கூட அமைதியாத்தான்யா கெடக்கும்! என் கோவம் உன்ன இன்னா பண்ணுச்சு? இந்த வூட்டு எடத்துக்குப் பட்டா வாங்கினது யாரு, நீயா? குழாய் கொண்டாந்தது யாரு? உன் பொண்ணு மேல கை வெச்சவள கேட்டது யாரு? நீ எல்லாத்துக்கும் தலைய ஆட்டிகினு வந்த. உனக்கும் சேத்து நான் பட்டேன். ரெண்டு ஆளு கோவத்த ஒரு ஆளு பட்டா சத்தமாத்தான்யா இருக்கும்! குமரேசன் ஆறு தறிய உன் தலையில கட்டினானே, அன்னிக்கு நான் ஏன் போய்க் கேக்கல தெரியுமா? எழுந்து நிக்க முடியல! என் கோவத்த டீயில கரச்சி எனக்கே ஊத்திட்ட!"

வாசலில் நின்ற ஒருவன் பழக்க தோஷத்தில், "லோயிஸு, பிரஷரு..." என்று ஆரம்பித்தான்.

"ஆங், பிரஷரு!" மணியம்மையின் முன்னால் போய் உட்கார்ந்து கையை நீட்டினாள். "கட்டுமா எனக்கு. இவங்க அத்தினி பேரு முன்னாடியும் பாரு."

"அக்கா, இப்ப பாத்தா சரியா காட்டாது. அஞ்சு நிமிஷம் பேசாம உக்காரணும். முதுக சாச்சிக்கணும், காலத் தரையில ஊனணும்."

"அஞ்சு நிமிஷமா?" தெருவில் யாரோ சிரித்தார்கள். "மணியம்ம, அதுக்கு இன்னொரு ஜென்மம் எடுக்கணும்."

லோயிஸ் சுவரில் சாய்ந்தாள், காலை ஊன்றினாள், உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டாள். கண் மட்டும் எலியேசர் மேல் இருந்தது. அந்த ஐந்து நிமிஷம் தெருவில் ஒருவரும் பேசவில்லை. அவள் கத்தியபோது வராத பயம் எலியேசருக்கு அப்போது வந்தது. வேட்டியில்லாமல் நடுத்தெருவில் நிற்பவன்போல் நெளிந்தான்.

"நூத்தி எட்டுக்கு எழுபது" என்றாள் மணியம்மை. "மாத்திர இன்னும் ஒடம்புல கீது, கொஞ்சம் கொறச்சலாத்தான் காட்டும். ஆனா இவங்களுக்கு வியாதியே இல்ல. கோவம் வந்தா யாருக்கும் கொஞ்ச நேரம் ஏறும், அப்பறம் எறங்கிடும். வியாதி வேற. அது கத்தறவங்க, சாதுன்னு பாத்து வராது. ரத்தம் ஓடற கொழாய் எறுகிப்போயி, தூங்கும்போதும் ஏறினது ஏறினபடி நிக்கும். தலைவலிகூட வராது. உப்பு, தூக்கம் கெட்ட ஒழப்பு, வழிவழியா வர்றது, இப்பிடி பல காரணம். அண்ணா, உங்க வூட்டுல யாருக்கனா இருந்துச்சா?"

எலியேசர் சொன்னான். "தெரியாது. எங்க நைனா சர்ச்சுல மணி அடிக்கறவரு. ஒரு நாளு அடிச்சிகினு இருக்கும்போதே கயித்தப் புடிச்சவாக்குல வுழுந்துட்டாரு. வாயி ஒரு பக்கமா கோணிகினு. மூணாம் நாளு போயிட்டாரு. கர்த்தரு அமைதியா கூப்புட்டுக்கினாருன்னு சொன்னாங்க."

"அவரு கோவக்காரரா?"

"நைனாவா? எறும்பு போனாக்கூட ஒதுங்கி நிப்பாரு."

சொல்லிவிட்டு அவன் தன் வாயின் ஓரத்தைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டான். லோயிஸ் அதைப் பார்த்தாள். ஆனால் கோபம் இறங்கவில்லை. இறங்கவேண்டும் என்று யார் சொன்னது?

மறுநாள் அவனை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போய், நடந்ததை டாக்டரிடம் ஒன்றுவிடாமல் சொல்லவைத்தாள். டாக்டரம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். ஒரு நாளும் மாத்திரை போடாத ஆளுக்கு ஏத்திக்கொண்டே போயிருக்கிறோமே என்று சொல்லி, மறுபடி ஒரு மாத்திரையிலிருந்து ஆரம்பித்தாள். நல்லாயிருக்கிறது என்று தானாக நிறுத்தக்கூடாது. கருவாடும் ஊறுகாயும் மோர் மிளகாயும் கிட்டே வரக்கூடாது. ராத்திரி முழுக்க நின்று உழைப்பதைக் குறைக்கமுடியுமா என்றும் கேட்டாள். எலியேசர் தலையை ஆட்டினான். ஆமென்றா இல்லையென்றா, கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

உப்பு ஜாடி லோயிஸின் துணிப்பெட்டிக்குள் போய்ப் பூட்டப்பட்டது. டீ அடுப்பில் அவன் கை வைக்கக்கூடாது. காலையில் ஷிப்ட் முடிந்து வந்தால் அவன் உள்ளங்கையில் மாத்திரையை வைப்பாள்.

"பாத்துக்க. நான் உன்ன மாதிரி இல்ல. குடுக்கறத கைமேல குடுக்கறேன். முழுங்கு. வாயத் தொற. நாக்கத் தூக்கு."

அதற்குமேல் ஒரு பேச்சுக் கிடையாது. பதினைந்து நாளில் மணியம்மை வந்து பார்த்தபோது நூற்று அறுபதுக்குத் தொண்ணூற்றெட்டு. கொஞ்சம் இறங்கியிருந்தது, போதாது. "ஆறு தறிய வுடலியாண்ணா?" என்று கேட்டாள். எலியேசர் தரையைப் பார்த்தான்.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு, ஷிப்ட் மாறும் நேரம், லோயிஸ் அவனோடு நடந்து ஷெட்டுக்குப் போனாள். நெற்றியில் தையல் போட்ட தழும்பு சிவந்து கிடந்தது. தறிகள் நின்றிருந்தன. பகல் ஆட்கள் தலையிலிருந்த பஞ்சுத் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் கிளம்ப இருந்தவர்களும் நின்றார்கள். வேடிக்கை.

குமரேசன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். "வாம்மா. கேள்விப்பட்டேன். இன்னா விஷயம்? எலியேசரு ஒண்ணும் சொல்லலியே. மூணு மாசமா நல்லாத்தான ஓட்டிகினு கீறான். நீ இன்னாத்துக்கு வந்து நிக்கிற?"

வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு வந்த வார்த்தைகள் லோயிஸின் நாக்கு நுனியில் நின்றன. அஞ்சு நிமிஷம் தான் பேசாமல் உட்கார்ந்த அன்றைக்கு எலியேசர் நெளிந்த நெளிப்பு ஞாபகம் வந்தது. அவள் வாயை மூடினாள். சுவரில் முதுகைச் சாய்த்தாள். காலைத் தரையில் ஊன்றினாள். புருஷனைப் பார்த்தாள்.

ஒரு நிமிஷம் போயிற்று. குமரேசன் உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். "இன்னாமா, ஏதனா சொல்லு. நீ பேசாம நின்னா எனக்கு ஒரு மாதிரி கீது."

அவள் பேசவில்லை. எலியேசர் தறியில் நூல் ஓட்டும் மர நாடா ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வைத்தான். சட்டைப் பையைத் தடவினான். இருபத்திரண்டு வருஷமாக அவனுக்கும் சேர்த்துப் பேசிய வாய் அவனுக்கு எதிரே மூடிக் கிடந்தது. தப்பிக்க ஒரு தறிச் சத்தம்கூட இல்லை.

"நாலு தறி" என்றான்.

"இன்னா?" குமரேசன் காதைக் கொடுத்தார்.

"நாலு தறிதான்."

"அட, சத்தமா சொல்லுப்பா. ஆறுதான ஓட்டற, இப்ப அதுல இன்னா..."

அவன் கை வீசியதில் நாடா தரையில் போய் விழுந்து உருண்டது.

"நாலு தறிதான் ஓட்டுவேன்! பகல்லதான் ஓட்டுவேன்! ஒரு ஆளு போனா அந்தத் தறிய எந்தலையில கட்டுவ, நான் போனா யாரு தலையில கட்டுவ? எங்க நைனா மாதிரி நின்ன எடத்துல வாயி கோணிகினு வுழறதுக்கு நான் வரல! கேம்புல கண்டுபுடிச்சி சீட்டு குடுத்தாங்களே, பாத்தியே, பாத்துட்டுத்தான ரெண்டு தறி ஏத்தின? மனுசனா நீ!"

கழுத்து நரம்பு புடைத்தது. அவன் குரல் இப்படித்தான் இருக்கும் என்று பக்கத்துத் தறிக்காரனுக்கே அன்றுதான் தெரிந்தது.

குமரேசன் இரண்டு கையையும் நீட்டி அமர்த்தினார். "ஏ எலியேசரு, பதறாதப்பா. பிரஷரு ஏறிடப்போவுது. லோயிஸு, நீயாவது சொல்லும்மா. கையில மாத்திர எதனா வெச்சிகினு கீறியா?"

அப்போதுதான் லோயிஸ் சுவரிலிருந்து முதுகை எடுத்தாள்.

"பிரஷருக்குப் போடவேண்டியது காலையிலயே போட்டாச்சு, மொதலாளி. இது கோவம். இதுக்கு மருந்து நாலு தறி."